வருகைப் பதிவேடும் படுக்கைப் புண்ணும்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களையும் நடமாட்டம் குன்றிய முதியவர்களையும் அவரவர் வீட்டிற்கே சென்று பராமரிக்கும் சேவையைப் பற்றி நம்மிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. மாதத்தில் எத்தனை வீடுகளுக்குப் போனார்கள், எத்தனை பேருக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்தார்கள், கேட்டபோது எத்தனை குடும்பத்தார் திருப்தி என்று விடையளித்தார்கள் என்னும் மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் அந்தச் சேவையின் தரமும் பயனும் விளங்கிவிடும் என்பதே அது. ஆய்வுக் கூட்டத்தில் அமரும் உத்தியோகஸ்தர் இவற்றையே கேட்கிறார், வினாத்தாளும் கையுமாகக் கிராமத்திற்கு வரும் மருத்துவ மாணவர் இவற்றையே எழுதிக்கொண்டு போகிறார், "வீடு தேடி வருகிறார்களே, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று ஊர்ப் பெரியவர்களும் ஆமோதிக்கிறார்கள். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் இச்சேவை நடக்கும் விதத்தை அருகிலிருந்து கவனித்து வருகிறவன் என்ற முறையில், இந்த அபிப்பிராயம் பிழையானது என்றும், நோயாளிக்குத் தீங்கு விளைக்கும் பிழை என்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுவது முறை. ஒரு தலைமுறைக்கு முன் இந்தப் பகுதியில் பக்கவாதத்தால் விழுந்த ஒருவரை ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சில நாள் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில் கிடத்திய பிறகு, அவருக்கும் வைத்திய உலகத்திற்கும் இருந்த சம்பந்தம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. 2010-11இல் தொடங்கிய முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம், படுக்கையில் கிடப்பவரை வீட்டில் சென்று பார்ப்பதையும் கடமையாக வகுத்தது. 2018 முதல் துணைச் சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றியபோது முதியோர் பராமரிப்பும் வலி தணிக்கும் பராமரிப்பும் அவற்றின் பணிகளில் சேர்க்கப்பட்டன. வில்லியனூர்ப் பக்கத்தில் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புறச் சுகாதார மையமும், பாகூர்ப் பக்கத்தில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகளும் இருப்பதால், பல மாநிலங்களின் கிராமங்களுக்குக் கிட்டாத வசதி இவ்வூர்களுக்குக் கிட்டியிருக்கிறது. யாரும் வராத வாசலுக்கு ஒரு செவிலியர் வருவது பெரும் பேறு என்பதை நான் மறுக்கவில்லை. வந்தார் என்பதையே பயனாகக் கொண்டு கணக்கை மூடிவிடுவதைத்தான் மறுக்கிறேன்.

மருத்துவத்தின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதைச் சாஸ்திரமாக வகுத்தவர் அவேதிஸ் டொனபேதியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனியர். 1966இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்: என்ன ஆட்களும் சாதனங்களும் இருக்கின்றன என்பது ஒன்று, அவற்றைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பது இரண்டு, அதனால் நோயாளிக்கு என்ன விளைந்தது என்பது மூன்று. நம் வருகைக் கணக்கு இரண்டாவது படியின் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. போனார்கள் என்கிறதே தவிர, போய் என்ன செய்தார்கள் என்று அது சொல்வதில்லை. செய்ததால் என்ன ஆயிற்று என்பதைப் பற்றி அதற்கு வாயே கிடையாது.

நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். வில்லியனூருக்கு மேற்கே ஓர் ஊரில், இடுப்பெலும்பு முறிந்து ஐந்தாறு மாதமாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் வீட்டிற்குப் பராமரிப்புக் குழு வந்தபோது நானும் உடனிருந்தேன். நாடாக் கட்டில், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் மடித்த பழைய புடவை. "எப்படி இருக்கீங்க ஆயா?" என்று செவிலியர் வாஞ்சையோடு கேட்டார், ஆயாவும் சிரித்தார். கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, பதிவேட்டில் எழுதி, மருமகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முறைகேடு எதுவும் இல்லை, அன்புக்கும் குறைவில்லை. குழு தெருமுனை திரும்பிய பின்பு மருமகள் மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பிருஷ்டத்துக்கு மேலே, தண்டெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவே குழிந்து, சீழ் கோத்திருந்தது. "இதை ஏம்மா அவங்ககிட்ட காட்டல?" என்று கேட்டதற்கு, "அவங்க கேக்கல, நானா எப்படி அத்தையோட துணியைத் தூக்கிக் காட்டறது, கூட ஆம்பளை டிரைவர் நிக்கிறாரு" என்றார். அந்த மாதத்து அறிக்கையில் அந்த வீடு வருகை முடிந்த வீடாகவும், பிரஷர் கட்டுக்குள் இருக்கும் வீடாகவும், திருப்தி அடைந்த வீடாகவும் மூன்று இடங்களில் நற்பெயர் பெற்றிருக்கும்.

படுக்கைப் புண் ஒரே நாளில் வருவதில்லை. உடலின் கனம் முழுவதும் எலும்பு துருத்திய ஓரிடத்தில் அழுந்துகையில் அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் சிவக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்காமல் நிற்பதே முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, ஈரம் படாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். அதைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகி, சீழ் உடம்பெல்லாம் பரவி உயிரையே கொண்டுபோகவும் கூடும். ஆகவே, வீட்டுப் பராமரிப்பின் தரத்தை ஒரே பார்வையில் காட்டக்கூடிய சாட்சி ஒன்று உண்டென்றால், அது நோயாளியின் முதுகில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்க யந்திரம் வேண்டாம். போர்வையை விலக்கும் மனமும், விலக்குமுன் டிரைவரை வெளியே நிற்கச் சொல்லும் நாகரிகமும் போதும். நம் மதிப்பீட்டுப் படிவங்களில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லாதவரையில், திருப்தி எத்தனை சதவீதம் என்று அறிவிப்பதில் எனக்குத் துளியும் மதிப்பில்லை.

"குடும்பத்தாரே திருப்தி என்கிறபோது நீர் யார் இல்லையென்பதற்கு?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தத் திருப்தி எந்தச் சூழ்நிலையில் சொல்லப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கேட்கிறவர் சேவை அளிக்கும் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர், அல்லது அதே கல்லூரியின் வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவர். பதில் சொல்கிறவர் காசு கொடாமல் சேவை பெறுகிறவர். அடுத்த மாதமும் அதே செவிலியரின் கையிலிருந்து மாத்திரை வாங்கவேண்டியவர். கிராமத்தில் நர்ஸம்மா என்பவர் யாரோ ஒருவர் அல்லர்; தன் மகளின் பிரசவத்தைப் பார்த்தவர், பேரனுக்குத் தடுப்பூசி போட்டவர், சில வேளைகளில் உறவுக்காரியும்கூட. அவரைப் பற்றிக் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்று நம் ஜனங்கள் கருதுகிறார்கள். அந்தக் குணம் போற்றத்தக்கது. ஆயினும் அதை அளவுகோலாக்கிக்கொள்வது, ஏழையின் மரியாதையைச் சேவையின் தகுதிப் பத்திரமாக மாற்றிவிடுவதாகும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஒன்றும் கிடைக்காமலே காலம் கழித்தவருக்கு எது கிடைத்தாலும் திருப்திதான். வலி தணியக்கூடியது என்பதே தெரியாதவர் வலி தணியவில்லை என்று எவ்வாறு முறையிடுவார்?

இவையெல்லாம் சேவை எட்டிய வீடுகளின் கதை. எட்டாத வீடுகளின் கதை பதிவேட்டில் இரண்டே வார்த்தையில் முடிகிறது: வீடு பூட்டியிருந்தது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிற மகன் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறான். மருமகள் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுகிறாள். போகும்போது, படுக்கையிலிருக்கும் கிழவரின் எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு தட்டுச் சோறும் வைத்து, நாய் நுழையாமல் வெளியே கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாள். பராமரிப்புக் குழுவின் வண்டியோ காலை பத்து மணிக்கு மேல் புறப்பட்டு மதியத்துக்குள் திரும்பவேண்டியது. அவர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டு, பூட்டியிருந்தது என்று எழுதும் அந்த வேளையில், பூட்டுக்கு உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார்! மிகுந்த துணை தேவைப்படுகிறவர் யாரோ அவரே கணக்கில் இல்லாதவர் ஆகிறார். சதவீதம் கணக்கிடுகையில் அவர் வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை. சேவை பெற்றவரை மட்டும் விசாரித்துச் சேவையை மதிப்பிடும் முறை முழுவதுக்கும் இந்தக் குறை பொது.

இனி, அளவீடே வேண்டாம் என்று சொல்லும் ஒரு சாராரும் உண்டு. அவர்கள் நல்ல உள்ளம் படைத்தவர்கள். நோயாளிக்குச் செய்யும் சிசுருஷை அன்பின் காரியம், அதை அளந்து பார்ப்பது அபசாரம் என்பது அவர்கள் கட்சி. அளவீட்டுக்கு ஆசிரியரான அதே டொனபேதியன், தம் இறுதிக் காலத்தில் நோயுற்றிருந்தபோது அளித்த பேட்டியில், தரத்தின் இரகசியம் முடிவில் அன்புதான் என்று கூறினார்; அதற்காகத் தம் ஆயுட்காலத்து ஆராய்ச்சியை அவர் தள்ளிவிடவில்லை, அன்பிருந்தால்தான் ஒருவர் தம் காரியத்தைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும் என்றே கருதினார். தன் தாய்க்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியில் கைவைத்துப் பார்க்காத மகன் உண்டா? பார்ப்பதும் அன்பின் பகுதியே.

வேறொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. எண்பது வயதுப் பக்கவாத நோயாளி எத்தகைய பராமரிப்பு இருந்தாலும் தளர்ந்துகொண்டே போவார், புற்றுநோய் முற்றியவர் இறப்பார்; அப்படியிருக்க, விளைவைக் கொண்டு சேவையை மதிப்பிடுவது ஊழியருக்கு இழைக்கும் அநியாயம் அல்லவா என்கிறார்கள். மரணத்தை மட்டும் விளைவாகக் கொண்டால் அநியாயந்தான். ஆனால் இறக்கப்போகிறவர் வலியோடு இறந்தாரா, வலி தணிந்து இறந்தாரா என்பதும் ஒரு விளைவு. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் 1963இல் வகுத்த அட்டவணை, குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் சென்று வருதல், கட்டிலிலிருந்து எழுந்து மாறுதல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல் என்ற ஆறே காரியங்களைக் கேட்கிறது. சென்ற மாதம் பிறர் ஊட்டினால் உண்டவர் இந்த மாதம் தாமே உண்கிறாரா என்பதை எழுத்தறிந்த எவரும் குறித்துவிடலாம். சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு அது எப்போது மாற்றப்பட்டது, சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண் உண்டா, வலிக்கு என்ன மருந்து வீட்டில் இருக்கிறது என்பனவும் அவ்வாறே. கடைசியில் சொன்னது மிக முக்கியம். மார்ஃபின் போன்ற மருந்துகளை ஆஸ்பத்திரிகள் பெறுவதற்கிருந்த இடையூறுகளைக் குறைத்து 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகும் புற்றுநோயாளியின் தலைமாட்டில் பாரசிட்டமால் மட்டும் இருக்குமானால், மாதத்தில் நான்கு முறை வந்தோம் என்பது யாருக்கு ஆறுதல்?

மேல்நாட்டுக் கதை நமக்கு ஏன் என்பவர்களுக்கு மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியைக் காட்டுகிறேன். அபய் பங், ராணி பங் தம்பதியர் அந்தப் பின்தங்கிய மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே பராமரிக்கும் முறையொன்றை 39 கிராமங்களில் நடத்தி, அம்முறை இல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். பச்சிளம் சிசுக்களின் மரணம் 62 சதவீதம் குறைந்தது என்பதை 1999இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டபோது உலகம் நம்பியதன் காரணம் என்ன? அவர்கள் எண்ணியது மரணத்தை. எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதை வெற்றியாகக் காட்டவில்லை. பராமரித்த பெண்களிடமே அந்தக் கணக்கையும் விட்டுவிடவில்லை. பிறப்பு இறப்புகளைப் பதிவுசெய்ய வேறு ஆட்களை வைத்து, வீடுவீடாகத் தனியாகவும் சரிபார்த்தார்கள். அதே முறையை 2011இல் தேசம் முழுவதற்கும் ஆஷா பணியாளர்கள் மூலம் கொண்டுவந்தபோது, பிறந்த 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் செல்லவேண்டும் என்ற அட்டவணை பிழையின்றி வந்து சேர்ந்தது. மேலே போகும் மாதாந்தர அறிக்கையிலோ, ஆறு வருகையும் பெற்ற சிசுக்கள் எத்தனை என்பதே தலைமை எண்ணாக ஆயிற்று.

தமிழ்நாட்டிலும் இதே தடுமாற்றம் காணப்படுகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் வீட்டுச் சேவைத் திட்டம் உண்மையில் பெரிய முயற்சி. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் பெற்றது. பாகூர்ப் பக்கத்தில் ஒரு வரப்புக்கு இப்பால் புதுச்சேரி, அப்பால் கடலூர் மாவட்டம் என்றிருப்பதால், அவ்வரப்பைத் தாண்டி மருந்துப் பை வருவதையும் இப்பால் வராததையும் நம் மக்கள் கண்ணால் காண்கிறார்கள். அங்கே கொண்டாடப்பட்டதோ ஒரு கோடியாவது பயனாளி என்ற எண். என் கருத்தில் அதைவிட மேலான எண் வேறொன்று அதே அரசிடம் இருந்தது. வீடுவீடாக நடத்திய ஒரு தனி ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 2020இல் 7.3 சதவீதமே என்று தெரிந்தது. 2023-24இல் நடந்த இரண்டாவது சுற்றில் அது ஏறத்தாழ 17 சதவீதம் ஆயிற்று. முன்னேற்றம் மெய், இன்னும் நெடுந்தூரம் இருப்பதும் மெய். இரண்டையும் ஒருங்கே சொல்லும் எண்ணே மதிப்பீடு எனத் தக்கது. கோடி என்ற எண்ணோ கைதட்டலோடு நின்றுவிடுகிறது.

ஊழியர்களின் சிரமத்தை அறியாமல் பேசுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். இவர்கள் ஒவ்வொருவரும் ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்குப் பதிவேடுகளைச் சுமக்கிறார்கள். நான் கேட்பது இன்னொரு பதிவேடு அன்று, இருக்கும் பதிவேடுகளில் பாதியைக் கிழித்தெறிவதே முதற்காரியம். ஒரு காலைப் பொழுதில் பதினைந்து வீடு முடிக்கவேண்டும் என்று விதித்துவிட்டு, நோயாளியைப் புரட்டிப் பார்க்கவில்லையே என்று செவிலியரைக் குறைகூறுவது அதர்மம். இங்கிலாந்தில் கால்மணி நேரத்தில் முதியவரைக் கழுவி, உடுத்தி, ஊட்டிவிட்டு ஓடும் வருகைகள் பெருகியபோது, அந்நாட்டின் தேசிய வழிகாட்டு நிறுவனம் 2015இல், சில விதிவிலக்குகள் தவிர வீட்டு வருகை அரைமணி நேரத்துக்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. வருகைகளின் எண்ணிக்கையைப் புகழும் நாம், வருகையின் நீளத்தை ஒருபோதும் கேட்பதில்லை.

நகரத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு ஆள் அனுப்பும் தனியார் ஏஜென்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவுசெய்து குறைந்தபட்சத் தரம் விதிக்க, பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் திருத்த மசோதா ஒன்று 2019இல் மக்களவைக்கு வந்தது; சட்டமாகாமலே நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள், அனுப்பப்பட்ட ஆளுக்கு என்ன பயிற்சி என்பதை அந்த ஆளின் வாய்மொழியாக மட்டுமே அறிகிறார்கள்.

பராமரிக்கும் பெண்ணைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை என்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. சேவைக்குழு மாதத்தில் ஒரு மணி நேரம் இருக்கிறது. மீதிப் பொழுதெல்லாம் சேவை செய்பவள் அந்த மருமகளோ மகளோ மனைவியோதான். இரவில் எத்தனை தடவை எழுகிறாள், எத்தனை நாள் கூலியை இழந்தாள், அவளுடைய முதுகுவலியை யார் பார்த்தார்கள், ஒரு சாவு கல்யாணத்துக்குப் போகவேண்டுமென்றால் நோயாளியை யாரிடம் விட்டுச் செல்கிறாள்? இவற்றில் ஒன்றேனும் இலேசாயிற்றா என்பதை நோயாளியின் முன்னிலையிலும் செவிலியரின் முன்னிலையிலும் கேட்டால் அவள் சொல்லமாட்டாள். வேலை முடிந்து வந்த பிறகு, கொல்லைப்புறத்தில், வேறொரு பெண் கேட்டால் சொல்லுவாள்.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சிறியதாய்த் தோன்றிய வலி தணிக்கும் இயக்கம், 2001 முதல் அண்டை அயலாரின் அமைப்பாக விரிந்து, 2008இல் அரசின் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நடப்பதற்கு, குறையைக் கேட்கவும் பதில் சொல்லவும் கடமைப்பட்ட ஒரு பிரதிநிதி வார்டுதோறும் இருப்பது ஒரு முக்கிய காரணம். நம் நிலைமை வேறு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1880இலேயே கொம்யூன்களான வில்லியனூரிலும் பாகூரிலும், 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் தேர்தலே நடைபெறவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோயிற்று. முறையிட ஓர் உறுப்பினர் இல்லாத ஊரில், சேவை செய்பவரே சேவையை மதிப்பிட்டுக்கொள்வதும் இயல்பாகிவிடுகிறது.

தேர்தல் வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குழுவின் சொந்தப் பட்டியலை விட்டுவிட்டு ரேஷன் அட்டைப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்த வீடுகளுக்கு, பாகூர்ச் செவிலியர் வில்லியனூரிலும் வில்லியனூர்ச் செவிலியர் பாகூரிலும் சென்று பார்க்கட்டும்; பஸ் கட்டணத்துக்கு மேல் இதற்குச் செலவில்லை. கண்டதை, யார் பெயரையும் குறிப்பிடாமல், அந்தந்த ஊரின் துணைச் சுகாதார நிலையத்தில் மக்கள் கூடியிருக்கையில் உரக்கப் படிக்கட்டும்: எத்தனை முதுகு பார்க்கப்பட்டது, எத்தனை புதுப் புண், எத்தனை ஆறிய புண், வலியோடு இரவைக் கழிப்பவர் எத்தனை பேர். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பூட்டியிருந்த வீடுகளின் எண்ணிக்கையைப் படிக்கவேண்டும். ஏனென்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் புதுத் திட்டமோ புது நிதியோ தேவையில்லை, கம்பெனி பஸ் திரும்பி வரும் மாலை ஐந்தரை மணிக்கு வண்டியை எடுத்தால் போதும்.